ஊரின் குணமா, பேருந்தின் குறையா?

கல்லூரியில் பொருளியல் கற்பித்த முப்பது ஆண்டுகளில், ஆசிரியர் அறையில் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. தஞ்சாவூர்க்காரர் ஊரைவிட்டு நகர மாட்டார். ராமநாதபுரத்துக்காரர் ஊரில் நிற்க மாட்டார். மலையாளி உலகின் எந்த மூலையிலும் இருப்பார். வங்காளிக்கு விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார். நம்மவர்களுக்குக் கோயில் குளம் தவிர வேறு பயணம் தெரியாது. தேநீர் ஆறுவதற்குள் இந்தியா முழுவதையும் இப்படி வகைப்படுத்தி முடித்துவிடுவோம்.

வேடிக்கைப் பேச்சுதானே என்று விட்டுவிடலாம். ஆனால், அந்தப் பேச்சு ஒருமுறை என் வகுப்பறைக்குள் வந்தது. தொண்ணூறுகளில், இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமத்திலிருந்து ஒரு மாணவி படிக்க வந்துகொண்டிருந்தார். அவருடைய குடும்பத்தில் கல்லூரியை எட்டிய முதல் ஆள். இரண்டாம் ஆண்டின் இடையில் அவர் வருகை நின்றுபோனது. ஆசிரியர் அறையில் ஒருவர், 'அந்தப் பக்கத்துப் பெண்கள் இப்படித்தான், தூரம் என்றால் நின்றுவிடுவார்கள்' என்றார். நானும் தலையசைத்தேன். அந்தத் தடத்தில் மாலை நேர நடை நிறுத்தப்பட்டிருந்ததையும், அடுத்த பேருந்து இரவு எட்டு மணிக்குத்தான் என்பதையும் பல மாதங்கள் கழித்து வேறொரு மாணவர் சொல்லித்தான் அறிந்தேன். தேவையும் அளிப்பும் பற்றி நாள்தோறும் பாடம் நடத்திய எனக்கு, ஒரு பேருந்து நடை நின்றுபோனது கண்ணில் படவில்லை. ஊரின் குணம் மட்டும் பட்டது.

ஒரு பகுதி மக்கள் எவ்வளவு பயணம் செய்கிறார்கள் என்பது, அவர்களின் இயல்பைவிட, போக வேண்டிய தேவை, போவதற்கான வழி, அதற்கான செலவு, வீட்டில் கிடைக்கும் இசைவு ஆகிய நான்கையும் சார்ந்தது. இவற்றில் ஒன்று மாறினாலும், தலைமுறைகளாக மாறாதது என்று நாம் நம்பிய குணம் சில ஆண்டுகளில் மாறிவிடுகிறது. இதற்கு வரலாற்றிலும் அண்மைக் காலத்திலும் போதுமான சான்றுகள் உள்ளன.

முதலில் மலையாளியை எடுத்துக்கொள்வோம். பயணத்துக்கென்றே பிறந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் இன்றைய கேரளப் பகுதிகளிலிருந்து வெளியே போனவர்களைவிட உள்ளே வந்தவர்களே அதிகம். மலைத் தோட்டங்களில் வேலை செய்ய நம் பக்கத்துத் தொழிலாளர்கள்தான் திருவிதாங்கூருக்குப் போனார்கள். பெருகிய மக்கள்தொகை, பரவிய கல்வி, இரண்டாம் உலகப் போர்க்கால வேலைகள் ஆகியவை சேர்ந்துதான் மலையாளியை வெளியே அனுப்பின. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகியபோது அந்த ஓட்டம் வேகமெடுத்தது. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் அறிஞர்கள் 1998-இல் முதல் முறையாக நடத்திய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் 13.6 லட்சம் மலையாளிகள் இருப்பதாக மதிப்பிட்டது. 2023 ஆய்வில் அது சுமார் 22 லட்சம்.

அந்தக் கேரளத்துக்குள்ளும் ஒரே குணம் இல்லை. வளைகுடாவுக்கு ஆள் அனுப்புவதில் மலப்புரம் தொடர்ந்து முன்னணியில் இருக்கிறது. இடுக்கி மிகவும் பின்தங்கி இருக்கிறது. மொழியும் உணவும் ஒன்றாக இருக்கும் மாநிலத்தில், முன்பே போனவர்கள் இருக்கும் ஊரிலிருந்து மேலும் பலர் போகிறார்கள். விசா வாங்கித் தர ஒரு மாமா, தங்குவதற்கு ஓர் அறை, முதல் மாதச் சாப்பாட்டுக்கு ஒரு நண்பர் என்ற வலைப்பின்னல் உள்ள ஊர் 'பயணிக்கும் ஊர்' ஆகிறது. அது இல்லாத ஊர் 'நகராத ஊர்' ஆகிறது.

தமிழ்நாட்டைப் பற்றிய பொது எண்ணத்தையும் சரிபார்க்கலாம். 2015-இல் இங்கு நடத்தப்பட்ட புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் தமிழ்நாட்டினர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. மக்கள்தொகையில் தமிழ்நாடு கேரளத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் என்பதால் விகிதம் குறைவுதான். ஆயினும், எண்ணிக்கையில் கேரளத்துக்கு நிகராக நிற்கும் ஒரு மாநிலத்தை 'வெளியே போகத் தெரியாதவர்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி, நம் மாநிலத்துக்குள்ளேயே நாம் வைத்திருக்கும் முத்திரைகளுக்கு வருவோம். தஞ்சை வட்டாரத்தார் நகராதவர்கள் என்றால், நாகப்பட்டினம் துறைமுகத்தின் வரலாற்றை என்ன செய்வது? மலேயாவுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் அங்கிருந்துதான் கப்பலேறினார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற 'ரஜூலா' கப்பலின் பெயர் டெல்டாவின் பல குடும்பங்களில் இன்றும் நினைவில் உள்ளது. கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் கிழக்காசியத் தொடர்பு இல்லாத தெருவைக் காண்பது அரிது.

பிறகு எப்படி வந்தது அந்த முத்திரை? 'தஞ்சாவூர்க்காரர்' என்று சொல்லும்போது நாம் மனத்தில் வைத்திருந்தது நஞ்சை நிலம் வைத்திருந்த மிராசுதாரரை. ஆற்று நீரும் குத்தகை நெல்லும் வீடு தேடி வரும்போது, அவர் வெளியே போக வேண்டிய தேவை குறைவு. அதே ஊரின் மறுமுனையில் இருந்த பண்ணையாளோ கடனாலும் வழக்கத்தாலும் பண்ணையோடு கட்டப்பட்டிருந்தார். அவரைப் பாதுகாக்க 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று தனிச் சட்டமே தேவைப்பட்டது. ஒருவர் நகராதது வசதியால். மற்றவர் நகராதது தடையால். இரண்டையும் ஒரே குணமாக எண்ணிப் பெயர் சூட்டியது நம் பிழை. தடையிலிருந்து விலக வழி கண்டவர்கள் கடலையே கடந்து போனார்கள்.

வானம் பார்த்த பூமியான ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில் நிலைமை நேர்மாறு. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் அதுவும் இல்லை. வெளியூர் வருமானம் அங்கு பலருக்கும் காப்பீடு போன்றது. இப்பகுதியின் நகரத்தார் பர்மாவில் கட்டிய கடன் வணிகம் உலகறிந்தது. 1930-களின் பெருமந்தத்தில் கடன் வாங்கிய உழவர்கள் நொடித்துப்போக, 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, விடுதலைக்குப் பின் பர்மாவின் நிலச் சட்டங்கள் என்று வரிசையாக வந்த அடிகளில் அந்தப் பயணமும் முடிந்தது. மக்களின் குணம் மாறி அது நிற்கவில்லை, வழி அடைபட்டது.

முத்திரை குத்துவதில் இன்னொரு குறையும் உண்டு. எதைப் பயணம் என்று எண்ணுகிறோம் என்பதே அது. 2020-21ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 28.9 சதவீதத்தினர் இடம்பெயர்ந்தவர்கள். ஆண்களில் இது 10.7 சதவீதம், பெண்களில் 47.9 சதவீதம். 'வெளியே போகாதவர்கள்' என்று நாம் கருதும் பெண்களே ஆண்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். காரணம் திருமணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இடம்பெயர்ந்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் திருமணத்தையே காரணமாகக் கூறினர். பிறந்த ஊரை விட்டுப் புகுந்த ஊருக்குப் போய், அங்கேயே நிலைபெறுவது அவர்கள் வாழ்வின் மிகப் பெரிய பயணம். அதை எந்த ஊரின் பயணக் குணத்திலும் யாரும் சேர்ப்பதில்லை. குறுகிய தூர இடப்பெயர்வில் பெண்களே ஆண்களை விஞ்சுகிறார்கள் என்பதை இங்கிலாந்தின் கணக்கெடுப்பை வைத்து ராவன்ஸ்டீன் 1885-லேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

சுற்றுலாப் புள்ளிவிவரங்களும் இதே போன்று தவறாகப் படிக்கப்படுகின்றன. உள்நாட்டுப் பயணிகளின் வருகையில் தமிழ்நாடு 2014 முதல் 2018 வரை நாட்டில் முதலிடத்தில் இருந்தது. 2018-இல் மட்டும் 38 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. அந்தக் கணக்கு வந்து சேர்ந்த இடத்தைக் குறிக்கிறது. புறப்பட்ட இடத்தையோ, எத்தனை தனி மனிதர்கள் என்பதையோ குறிப்பதில்லை. ஒருவர் நான்கு கோயில் ஊர்களில் தங்கினால் நான்கு வருகைகள். ஆகவே அதை வைத்துத் தமிழர்கள் பெரும் பயணிகள் என்று பெருமைப்படுவதும், அது இல்லாத மாநிலத்தாரை வீட்டுக்குள் முடங்கியவர்கள் என்பதும் ஒருசேரப் பிழையானவை.

இந்தியர்கள் அனைவருமே நகராதவர்கள் என்ற கருத்து ஒரு காலத்தில் கல்வியுலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. மக்கள்தொகை அறிஞர் கிங்ஸ்லி டேவிஸ் 1951-இல் வெளியான தம் நூலில், சாதி, கூட்டுக் குடும்பம், மொழி வேறுபாடு முதலியவற்றால் இந்தியர்கள் இடம்பெயர்வது குறைவு என்று விளக்கினார். அவர் சுட்டிய தடைகள் பொய்யல்ல. ஆனால், அவர் கையில் இருந்த கணக்கெடுப்பு, சில மாதங்கள் போய்த் திரும்பும் தொழிலாளரைப் பெரிதும் பிடிக்காத வலை. 2016-17ஆம் ஆண்டின் மத்திய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை ரயில் பயணச்சீட்டுகளின் போக்கை ஆராய்ந்து, 2011 முதல் 2016 வரை ஆண்டுதோறும் சுமார் 90 லட்சம் பேர் வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் சென்றிருக்கலாம் என்று மதிப்பிட்டது. முந்தைய மதிப்பீடுகளைவிட இது வெகுவாக அதிகம். மக்கள் முன்பே போய்க்கொண்டிருந்தார்கள். எண்ணும் முறைதான் பின்தங்கியிருந்தது.

இயல்பா, செலவா என்ற கேள்வியை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று பக்கத்து நாட்டில் நடந்தது. வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில், அறுவடைக்கு முன் 'மோங்கா' எனப்படும் பஞ்ச காலம் ஆண்டுதோறும் வரும். பசித்தும் மக்கள் ஏன் வேலை தேடி நகரத்துக்குப் போவதில்லை என்பது புதிராக இருந்தது. 2008-இல் பொருளியல் அறிஞர்கள் பிரையன், சௌத்ரி, மொபாரக் ஆகியோர் சில குடும்பங்களுக்கு 8.50 டாலர், அதாவது பேருந்துக் கட்டணமும் சில நாள் சாப்பாட்டுச் செலவும், வேலைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு அளிக்க ஏற்பாடு செய்தனர். உதவி பெறாத குடும்பங்களில் 36 சதவீதத்தினர் ஆள் அனுப்பியபோது, பெற்ற குடும்பங்களில் அது 58 சதவீதமானது. போனவர்களின் வீட்டில் உணவும் செலவும் கூடின. அடுத்த ஆண்டு உதவி இல்லாமலே பலர் மீண்டும் போனார்கள். வேலை கிடைக்காமல் திரும்பினால் இருப்பதும் போய்விடுமே என்ற அச்சமே அவர்களை நிறுத்தியிருந்தது.

இந்தத் திட்டத்தைப் பின்னர் பெரிய அளவில் விரிவாக்கியபோது அதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பணத்தை நீட்டினால் எல்லாரும் புறப்பட்டுவிடுவார்கள் என்பது முடிவல்ல. தூண்டுதல் தந்த பிறகும் ஐந்தில் இருவர் போகவில்லை. பழக்கமும் உறவும் உண்மையானவை. உடல் நலமும் வீட்டில் முதியோரும் உண்மையானவை. ஆனால், ஒரு பகுதி மக்களின் சோம்பல் என்று ஊரார் சொன்னதில் பெரும் பங்கு, கையில் பயணச் செலவுக்குப் பணமில்லாத நிலையே என்பது அங்கு வெளிப்பட்டது.

இதே சோதனையைத் தமிழ்நாடு தன்னை அறியாமலே செய்து பார்த்திருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அந்தப் பேருந்துகளின் பயணிகளில் பெண்கள் நாற்பது சதவீத அளவில் இருந்தனர். பின்னர் அது அறுபது சதவீதத்தைத் தாண்டியதாக அரசு தெரிவித்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, பயனடையும் பெண்களுக்கு மாதம் சராசரியாக ரூ.888 மிச்சமாகிறது என்று கணக்கிட்டது. தில்லியும் கர்நாடகமும் தெலங்கானாவும் இத்தகைய திட்டத்தை நடைமுறைப்படுத்தியுள்ளன.

இத்திட்டத்தின் நிதிச் சுமை குறித்து விவாதிக்க இடமுண்டு. இழப்பீட்டுத் தொகை உரிய காலத்தில் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சேர வேண்டும். பழைய பேருந்துகள் மாற்றப்பட வேண்டும். ஆனால், இங்கு நான் சுட்ட விரும்புவது வேறு. 'எங்கள் ஊர்ப் பெண்கள் வெளியே போக மாட்டார்கள்' என்று ஒவ்வொரு வட்டாரமும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து ரூபாய்ப் பயணச்சீட்டு இல்லாமல் போனதும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வேலைக்கும் தாய் வீட்டுக்கும் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். மரபு என்று நாம் வணங்கியதில் எவ்வளவு பங்கு கட்டணமாக இருந்தது என்பதை ஒரே ஆணை காட்டிவிட்டது.

செலவு குறைந்தால் போதாது. வண்டியும் வர வேண்டும். மதுரை-போடி மீட்டர்கேஜ் ரயில் பாதை, அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். பன்னிரண்டு ஆண்டுகள் என்றால், முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடித்துவிடும். இடையில் வளர்ந்த ஒரு தலைமுறை ரயிலை நம்பித் தன் படிப்பையோ வேலையையோ திட்டமிட வழியில்லை. இத்தகைய இடைவெளிக்குப் பின் ஒரு தடத்தில் கூட்டம் குறைவாக இருந்தால், 'இந்தப் பகுதி மக்கள் ரயிலை விரும்புவதில்லை' என்ற முடிவுக்கு வருவது எளிது.

இங்குதான் முத்திரை ஆபத்தாகிறது. பேருந்து வராததால் மக்கள் போவதில்லை. போகாததால் வசூல் இல்லை. வசூல் இல்லாததால் நடை குறைக்கப்படுகிறது. நடை குறைந்ததும், 'இந்த ஊர்க்காரர்கள் அதிகம் பயணிப்பதில்லை' என்ற பேச்சு உறுதியாகிறது. பயணச்சீட்டுப் பதிவு, ஏறியவர்களை மட்டுமே காட்டும். நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பியவர் அதில் இல்லை. கல்லூரியில் சேராமலே இருந்துவிட்ட மாணவியும், மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட்ட முதியவரும் அதில் இல்லை. நிறைவேறாத தேவையைக் கணக்கில் கொள்ளாத எந்த முடிவும் பொருளியல் முடிவாகாது.

ஆகவே செய்ய வேண்டியவை சில உண்டு. ஒரு கிராமத் தடத்தில் நடையைக் குறைக்கும் முன், அந்த ஊரின் கிராம சபையில் அது வைக்கப்பட வேண்டும். யார் யார் எதற்காக அந்த வண்டியை நம்பியிருக்கிறார்கள் என்று கேட்கப்பட வேண்டும். காலை முதல் வண்டியும் மாலைக் கடைசி வண்டியும் பள்ளி, கல்லூரி, ஆலை நேரங்களோடு பொருந்த வேண்டும். வசூல் குறைந்தாலும் இந்த இரண்டு நடைகளும் கைவிடப்படக் கூடாது. 1997-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சிற்றுந்துத் திட்டத்தின் அடிப்படை, பெரிய பேருந்து போகாத ஊருக்கும் வண்டி வேண்டும் என்பதுதான். அந்த நோக்கம், லாபம் தரும் தடங்களுக்குள் சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயம் சாராத தொழிலாளர்கள் எவ்வளவு தூரம், எந்த வாகனத்தில் வேலைக்குச் செல்கிறார்கள் என்று கேட்டது. ஐந்தில் ஒருவருக்கும் மேல் நடந்தே சென்றனர் என்பது அதில் தெரியவந்தது. பேருந்தில் சென்றவர்கள் அதில் பாதியளவே. 2027-இல் முடிவடையவுள்ள கணக்கெடுப்பின் இத்தகைய விவரங்கள் வட்ட அளவிலாவது விரைந்து வெளியிடப்பட வேண்டும். எந்த ஊரில் மக்கள் அருகிலேயே வேலை கிடைத்ததால் நடக்கிறார்கள், எந்த ஊரில் வண்டி இல்லாததால் நடக்கிறார்கள் என்று பிரித்தறிய அது உதவும்.

பொருள் தேடிப் பிரிவதைத் தனித் துறையாக வகுத்துப் பாடியது நம் அக இலக்கியம். கடல் கடந்தும் பொருள் ஈட்டச் சொன்னது நம் நீதி நூல். பெண்ணுடன் கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்று வரையறுத்ததும் நம் இலக்கண நூல்தான். பயணத்தை வாழ்த்தும் குரலும் தடுக்கும் குரலும் எல்லாச் சமூகத்திலும் சேர்ந்தே ஒலித்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து ஒரு வட்டாரத்தின் நெற்றியில் ஒட்டுவது எந்த ஆராய்ச்சியும் ஆகாது.

அந்த மாணவியின் பெயர் வருகைப் பதிவேட்டில் அந்த ஆண்டு முடியும் வரை இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்தவன் நான். 'பேருந்து வரவில்லை' என்று குறிப்பதற்கு அந்தப் பதிவேட்டில் இடம் இல்லை. நம் திட்டப் பதிவேடுகளிலாவது அந்தக் கட்டம் இருக்கட்டும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (பணி நிறைவு).